நாள் தள்ளினால் யாரிடம் சொல்வது?

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளைத்தாச்சி ஆகிவிட்டால், "அவ முழுகாமல் இருக்கிறா" என்றுதான் சொல்வார்கள். வன்னியில் நெடுங்கேணியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இந்தச் சொல்லின் பொருள் பதினாறு பதினேழு வயதுவரை விளங்கவில்லை. முழுகாமல் இருப்பதற்கும் வயிற்றில் பிள்ளை இருப்பதற்கும் என்ன தொடர்பு என்று அம்மம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். "மாசாமாசம் துடக்குக் கழிஞ்சு தலை முழுகிறவள் ஒரு மாசம் முழுகாட்டில், கிணத்தடிக்கே தெரிஞ்சிடும் பிள்ளை" என்றா.

சத்தியையோ வயிற்றையோ பார்த்து வந்த சொல் அல்ல அது, நாளைப் பார்த்து வந்த சொல். எழுத்து வாசிக்கத் தெரியாத என் அம்மம்மாவுக்கு, கர்ப்பத்தின் முதல் அடையாளம் தவறிப்போன தேதிதான் என்பது தெரிந்திருந்தது. இன்று வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்டது. கிணற்றடியில் நின்று எண்ணுவதற்கு ஆளில்லை. படித்த பிள்ளைகள் கூட, சத்தி வரட்டும், தலைச்சுற்று வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் சத்தி வருவதில்லை. சிலருக்கு மார்பு கனத்து நோகும், சிலருக்கு அடிக்கடி சிறுநீர் போகும், சிலருக்குக் கருவாடு பொரிக்கிற மணம் ஆகாது. வேறு சிலருக்கு ஒரு குறியும் இராது. பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவானது தவறிய நாள் ஒன்றுதான்.

அந்த நாள் தவறிய பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்பதைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். ஒளித்தோம். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும், கரு தங்காது என்பது எங்கள் வீடுகளின் வழக்கம். நானும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

1997 மே மாதம் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியதும் நெடுங்கேணியை விட்டு வெளிக்கிட்டோம். மறுவருடம் முள்ளியவளைப் பக்கம் ஒருவருடைய காணியில் கொட்டில் போட்டு இருந்தபோது, என் தம்பியின் மனைவியும் எங்களோடு இருந்தா. இருபத்தாறு வயது. அதற்கு முந்திய வருடம் ஒரு கரு அழிந்து, அழுதழுது ஓய்ந்திருந்தவ. ஒருநாள் விறகு பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது என் காதோடு சொன்னா: "மச்சாள், எனக்கு நாள் தள்ளிப் போச்சு. இண்டைக்குப் பன்ரண்டு நாள்." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் வாயில் வந்தது இதுதான்: "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. மூண்டு மாசம் போகட்டும்." அவ என் சொல்லைக் கேட்டு நடந்தா. தம்பிக்குக் கூடச் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து வயிற்றின் வலப்பக்கம் நோகுது என்று படுத்தா. வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணீர் அவித்துக் கொடுத்தேன். மத்தியானம் தோள்மூட்டு இழுக்குது என்றா, எண்ணெய் தேய்த்து விட்டேன். உள்ளே இரத்தம் கசிந்து வயிற்றில் தேங்கினால் அந்த நோ தோளில் தெரியும் என்பதை நான் எங்கே அறிந்தேன்? பொழுதுபட எழும்பி இரண்டடி நடந்தவ அப்படியே சரிந்தா. முகம் வெள்ளைச்சேலை மாதிரி. அப்போது வன்னிக்குள் பெற்றோல் கிடையாது, மண்ணெண்ணெயில் ஓடிய ஒரு லான்ட் மாஸ்டரைப் பிடித்து ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முதலே என் மடியில் மூச்சு நின்றுவிட்டது.

கருப்பைக்குள் போகாமல் குழாயில் தங்கிய கரு அது. குழாய் வெடித்திருந்தது. "நாள் தள்ளினது வீட்டிலை ஆருக்காவது தெரியுமோ?" என்று வைத்தியர் கேட்டார். எனக்குத் தெரியும் என்று நான்தான் சொன்னேன். என் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது.

முன்னமே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாவா என்று அடித்துச் சொல்ல முடியாது. அன்றைக்கு எங்களிடம் ஸ்கான் இல்லை, மருந்துத் தடை, வாகனம் இல்லை. ஆனால் நாள் தள்ளிய பெண்ணுக்கு ஒரு பக்க வயிற்றில் நோ வந்தால் அதற்கு என்ன பொருள் என்று தெரிந்த ஒருவரின் காதில் அது விழுந்திருந்தால், பொழுதுபடும்வரை காத்திருந்திருக்க மாட்டோம், காலையிலேயே வெளிக்கிட்டிருப்போம். அந்தப் பத்து மணித்தியாலம்தான் அவவின் உயிர்.

இதற்குப் பிறகு நான் படிக்கத் தொடங்கினேன். பாடசாலையில் படிப்பித்தவள்தானே, தெரிந்தவர்களிடம் கேட்பதற்கு வெட்கப்படவில்லை. எங்கள் மருத்துவ மாது வீட்டுக்கு வரும்போதெல்லாம் பிடித்து வைத்துக் கேட்டேன். அப்போதுதான் எங்கள் மூன்று மாதக் கணக்கு எவ்வளவு தலைகீழானது என்று விளங்கியது. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகிற குழாய், கருவுற்று இருபத்தெட்டு நாளுக்குள் மூடிவிடுகிறது. அதாவது நாள் தள்ளி இரண்டு கிழமை ஆவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். அந்தக் குழாய் சரியாக மூட உதவுவது போலிக் அமிலம். அதனால்தான் கலியாணம் முடித்த பெண்களுக்கு, பிள்ளைக்கு யோசிக்கும்போதே அந்தக் குளிசையைக் கிளினிக்கில் கொடுக்கிறார்கள். இதயம் துடிக்கத் தொடங்குவதும் கைகால் முளைப்பதும் நாங்கள் ஒளித்து வைக்கிற அந்த மூன்று மாதத்துக்குள்தான். வலிப்புக்குப் போடுகிற சில குளிசைகளும், இரத்த அழுத்தத்துக்கான சில குளிசைகளும், முகப்பருவுக்கான ஒரு குளிசையும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியதும் அந்தக் காலத்திலிருந்தேதான். வலிப்புக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுக்கிற பெண் தானாக நிறுத்தவும் கூடாது, பேசாமல் தொடரவும் கூடாது; முகப்பருக் குளிசையை மட்டும் உடனே நிறுத்த வேண்டும். நாள் தள்ளியதும் வைத்தியரிடம் காட்டி மாற்ற வேண்டும். கண்ணூறுக்குப் பயந்து ஊருக்கு ஒளிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். மருத்துவ மாதுக்கு ஒளிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

போன வருடம் என் மருமகள் விடியற்காலை குசினிக்கு வந்து, தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த என் முன்னால் ஒரு சின்ன வெள்ளைப் பட்டியை நீட்டினா. "மாமி, இதிலை ரெண்டாவது கோடு இருக்குதோ, என்ரை கண்ணுக்குத்தான் தெரியுதோ?" மின்குமிழுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். ஒரு கோடு அழுத்தமாக, மற்றது பென்சிலால் மெல்லக் கீறினது போல. மங்கலானாலும் கோடு கோடுதான். கரு கருப்பைச் சுவரில் ஒட்டிய பிறகு சுரக்கிற எச்.சி.ஜி. என்ற சுரப்பு சிறுநீரில் வந்தால்தான் அந்தக் கோடு விழும். வேறு காரணத்தால் விழுவது மிக அரிது. ஒட்டுவதற்கே கருவுற்று ஆறு முதல் பன்னிரண்டு நாள் எடுக்கும் என்பதால், நாள் தவறுவதற்கு முதல் சோதித்து இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. காலையில் முதல் போகிற சிறுநீரில் பார்ப்பது நல்லது. பெட்டியில் போட்டிருக்கிற நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும், மத்தியானம் எடுத்துப் பார்த்துவிட்டு மனம் குழம்பக்கூடாது. இல்லை என்று காட்டியும் மாதவிடாய் வராவிட்டால் ஒரு கிழமை விட்டுத் திரும்பப் பார்க்கலாம். பட்டியை எந்தப் பாமசியிலும் கேட்டு வாங்கலாம். ஊர்ப் பாமசியில் தெரிந்தவர்கள் நிற்பார்கள் என்று கூச்சப்படுகிறவர்கள் வவுனியாவுக்குப் போகும்போது வாங்கி வைக்கிறார்கள். அதுவும் முடியாதவர்கள் கிளினிக்கில் கேட்கலாம்.

பால் கொடுக்கிற தாய்மார், டெப்போ கருத்தடை ஊசி போட்டவர்கள், மாதம் ஒழுங்காக வராதவர்கள், நாற்பத்தைந்து வயதில் நின்றுவிட்டது என்று நினைக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் நாள் கணக்கு உதவாது. சந்தேகம் வந்தால் சோதிப்பதே வழி. கரு ஒட்டும் நேரத்தில் சிலருக்குக் கொஞ்சமாய் இரத்தம் படும். அதை மாதவிடாய் என்று எடுத்துக்கொண்டு கணக்கைத் தவற விடுகிறவர்களும் உண்டு.

மருமகள் பட்டியை நீட்டிய அன்றே எங்கள் மருத்துவ மாதுக்கு அழைப்பு எடுத்தோம். குடும்பநல உத்தியோகத்தர் என்பது அவருடைய பதவிப் பெயர். எங்கள் வாயில் மிட்வைஃப் மிஸ். இந்த நாட்டில் எனக்குப் பெருமை தருகிற சில விடயங்களில் இவர்களுடைய சேவையும் ஒன்று. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து, ஊரூராகப் பிரித்து, வீட்டுப் படலைக்கே மருத்துவ மாது வருகிற ஒழுங்கு வளர்ந்து வந்திருக்கிறது. எங்கள் அம்மம்மாமார் காலத்தில் பேறுகாலத்தில் பெண்கள் செத்துப்போவது ஊரில் கேள்விப்படுகிற சாதாரணச் செய்தி. 1940களின் நடுப்பகுதியில் கூட ஒரு இலட்சம் பிறப்புக்கு 1,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இப்போது அது 30 அளவில் நிற்கிறது. எங்கேனும் ஒரு தாய் இறந்தால் ஏன், எங்கே பிசகியது என்று ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக விசாரிக்கிறார்கள். என் மச்சாளின் மரணத்தை அப்படி யாரும் விசாரிக்கவில்லை. போர்க்காலத்தில் எங்கள் பக்கத்து மரணங்கள் பலவற்றுக்குக் கணக்கே இல்லை.

மிஸ் மோட்டார் சைக்கிளில் வந்து விறாந்தையில் உட்கார்ந்து, கடைசி மாதவிடாயின் முதல் நாளைத்தான் முதலில் கேட்டா. மருமகள் சுவர்க் கலண்டரைக் காட்டினா. ஒவ்வொரு மாதமும் அந்த நாளில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. நான் பழக்கிய பழக்கம் அது. மிஸ் அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்த்து, "இப்பிடி எல்லா வீட்டிலையும் இருந்தால் எனக்கு அரைவாசி வேலை குறையும்" என்றா. அந்த நாளோடு ஏழு நாளையும் ஒன்பது மாதத்தையும் கூட்டிப் பிள்ளை பிறக்கிற நாளைக் குறித்தா. பிறகு இரண்டு அட்டை எழுதினா, ஒன்று தாயிடம், ஒன்று அவவிடம். தாயின் அட்டையை எங்கே போனாலும் கொண்டு போக வேண்டும். பயணத்தில் ஏதும் நடந்தாலும், எந்த ஊர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாலும், அந்த அட்டைதான் அவளுக்காகப் பேசும்.

கிளினிக்குக்குப் போனதும் நிறை, உயரம், இரத்த அழுத்தம், இரத்த வகை, இரத்தச்சோகை, சீனி, கிரந்தி, எச்.ஐ.வி. எல்லாம் பார்த்தார்கள். எச்.ஐ.வி. என்றதும் என் மகனின் முகம் மாறியது. "அது எல்லாத் தாய்மாருக்கும் பாக்கிறது தம்பி" என்று மிஸ் சொன்னா. அப்படி எல்லோருக்கும் பார்த்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் கிரந்தியும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. நெஞ்சில் குழல் வைத்து இதயத்தையும் கேட்டார்கள். சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்து இதயம் பழுதான பெண்கள், தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பிள்ளை சுமக்கிறார்கள். முதல் மாதங்களில் கண்டுபிடித்தால் அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரியின் கண்காணிப்பில் வைக்கலாம். ஏழாம் மாதத்தில் மூச்சு முட்டி வந்தால் கஷ்டம்.

இத்தனைக்கும் ஒரு சதம் செலவில்லை. திரிபோஷா கொடுக்கிறார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்குச் சத்துணவு வாங்குகிற கொடுப்பனவும் 2015இலிருந்து இருக்கிறது, அதற்கும் கிளினிக்கில் பதிந்திருக்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசை தருவார்கள். அதைத் தேநீரோடு விழுங்கினால் பயன் பாதியாகிவிடும். எங்கள் வீடுகளில் பிளேன்ரீ இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தேசிக்காய்த் தண்ணீரோடோ நெல்லிக்காயோடோ குளிசை, தேநீர் ஒரு மணித்தியாலம் பொறுத்து.

இனிச் சொல்லப்போவது எங்கள் ஊரில் வாய்விட்டுப் பேசாத விடயம். எல்லாக் கோடும் சந்தோஷமாக விழுவதில்லை. இறுதிப் போர் நடந்த 2008, 2009இல் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து எத்தனை பெற்றோர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசரத் தாலி கட்டினார்கள் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகள் வயிற்றோடு மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் ஓடி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்றார்கள். சிலர் விதவையாக நின்றார்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளையை அந்த முகாமில் கண்டபோது, தனக்கு எத்தனையாம் மாதம் என்றே அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்றும் பாடசாலை போகிற பிள்ளைக்கு நாள் தள்ளுகிறது. கணவன் வெளிநாட்டில் இருக்கிற பெண்ணுக்கு, நான்கு பிள்ளை பெற்று இனி ஏலாது என்கிற தாய்க்குத் தள்ளுகிறது. அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: எனக்கு என்ன வழி? நாட்டின் சட்டத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, தாயின் உயிரைக் காக்க அன்றி வேறு எதற்கும் கருவைக் கலைப்பது குற்றம். 1995இல் ஒரு முறை, 2017இல் இன்னொரு முறை அதைத் தளர்த்தப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பலாத்காரத்தால் உண்டான கருவுக்கும் இதே சட்டம்தான் என்பது என் மனம் ஒப்பாத ஒன்று.

சட்டம் அப்படி இருக்க, கள்ளமாக விற்கிற குளிசையும் ஒளிவிடங்களும் இருக்கின்றன. குழாயில் தங்கிய கருவுக்கு அந்தக் குளிசை ஒன்றும் செய்யாது, வெடிக்கும்வரை தெரியவும் வராது. ஏற்கெனவே ஏதோ ஒன்றை எடுத்து, இரத்தம் நிற்காமல் போகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் வீட்டில் படுக்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன எடுத்தீர்கள் என்பதை வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள். எப்படி நேர்ந்தது என்றாலும் சிகிச்சை கொடுத்து உயிரைக் காப்பது அவர்களின் கடமை. பிள்ளையைப் பெற்று வளர்க்க முடியாதவளுக்கு, நீதிமன்றத்தின் ஊடாகச் சட்டப்படி தத்துக் கொடுக்கிற வழி இருக்கிறது. நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்து உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களின் ஊடாக உதவுவார்கள். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், அவள் சம்மதித்தாலும் சட்டத்தில் அது பாலியல் வல்லுறவு. 1929க்கு அழைத்துச் சொல்லலாம். வளர்ந்த பெண்களுக்கு 1938. அடி, பலாத்காரம் என்று வருகிறவர்களுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிகளில் 'நட்பு நிலையம்' என்ற இடம் இருக்கிறது. அங்கே கதைத்தால் வெளியே போகாது.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய வழி கருத்தடை. ஊசி, குளிசை, லூப், கையில் தோலுக்குக் கீழே வைக்கிற குச்சி எல்லாம் கிளினிக்கில் இருக்கின்றன. 2013இல் கிளிநொச்சிக் கரையோரக் கிராமங்களில் சரியாக விளக்காமல் குச்சி வைத்தார்கள் என்று பெண்கள் முறையிட்டதை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு கிளினிக் என்றாலே பயந்தவர்களைக் கண்டிருக்கிறேன். எதை வைத்தாலும், எத்தனை வருடத்துக்கு, வேண்டாம் என்றால் எப்படி எடுப்பது என்று கேளுங்கள். விளங்காவிட்டால் தலையாட்ட வேண்டாம்.

மாமிமாருக்கும் அம்மாமாருக்கும் ஒரு சொல். மருமகளோ மகளோ "நாள் தள்ளிப் போச்சு" என்று உங்கள் காதில் சொன்னால், அது உங்களிடம் நம்பித் தந்த செய்தி. அன்றைக்கே மருத்துவ மாதுக்குச் சொல்லுங்கள், எட்டுக் கிழமைக்குள் பதிந்துவிடுங்கள். அவளுக்கு ஒரு பக்க வயிற்று நோ, தோள் நோ, மயக்கம், இரத்தப்போக்கு, தண்ணீரும் தங்காத சத்தி இதில் எது வந்தாலும் ஓமத்தண்ணீர் அவிக்க வேண்டாம். நெடுங்கேணியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. சத்திரசிகிச்சை வேண்டுமென்றால் புளியங்குளம் போய் வவுனியா சேர நாற்பது கிலோமீற்றர் அளவு. இரவில் அந்த வீதியில் யானை நிற்கும், மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போக வேண்டாம். 2018இலிருந்து எங்கள் மாகாணத்திலும் 1990 அம்புலன்ஸ் ஓடுகிறது, காசு இல்லை. எங்கள் வீட்டுக் கதவின் உட்புறத்தில் அந்த இலக்கத்தைச் சோக்கால் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் எழுதி வையுங்கள்.